தனித்தனி முடிச்சு

ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

இதை யாருக்கும் காட்டாதே. கெஞ்சிக் கேட்கிறேன். விடுதியில் உன்னோடு தங்கியிருக்கிற பெண்களுக்குக்கூடப் படித்துக் காட்டாதே, நடுவில் சிரிப்பு வருகிற இடம் வந்தாலும். படித்ததும் கிழித்துவிடு. பதிலை வீட்டுக்கு அனுப்பாதே. என் வகுப்புத் தோழி வாத்துவின் வீட்டு முகவரியை உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். நடையைப் பார்த்து வைத்த பெயர். ஆனால் நம்பலாம்.

நீ எப்படி இருக்கிறாய்? இருமல் விட்டதா? எனக்கு ஒன்றுமில்லை. நம் குட்டித் தங்கை நண்டுக்குத்தான் உடம்பு சரியில்லை. காலையில் எழும்போது முகம் வீங்கியிருக்கிறது. கணுக்காலை விரலால் அமுக்கினால் விழுந்த குழி அப்படியே நிற்கிறது. அம்மாவுக்கு வந்த அதே சிறுநீரக வியாதிதான் என்று அப்பா சொல்லிவிட்டார். "ஆஸ்பத்திரிக்குப் போகலாம்ப்பா" என்றேன். "உங்கம்மாவை அங்கதான கூட்டிட்டுப் போனோம்? வரிசையில உட்கார வச்சே அனுப்பிட்டாங்க. இவளை நான் பார்த்துக்கறேன்" என்றார். குரலை உயர்த்தவில்லை. அப்பா எதற்கும் குரலை உயர்த்துவதில்லை, உனக்குத் தெரியாதா?

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்பாய். போன வாரம் எங்கள் இரண்டு கட்டில்களையும் ஒட்டிப் போட்டு, கட்டில் கால்களைக் கம்பியால் சேர்த்துக் கட்டினார். "பழகணும்" என்றார். எதற்கு என்று சொல்லவில்லை. தினமும் பல் தேய்த்ததும் இருவரையும் எடை பார்க்கிறார். அவள் என்னைவிட மூன்று வயது சின்னவள், ஆனால் உடம்பில் நீர் கோத்து என் எடைக்கு வந்துகொண்டிருக்கிறாள். எனக்குத் தட்டில் விழுவது குறைகிறது. அதற்கும் காரணம் சொல்வதில்லை, தலையைத் தடவிக்கொடுக்கிறார்.

விளக்குப் போட்டால் கதவிடுக்கில் தெரியும். தெருவிளக்கு வெளிச்சத்தில் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துத் திட்டாதே.

உன் வாலு

*

ஜூன் 24

அடியே வாலு,

உன் கோழிக் கிறுக்கலைப் படிக்க எனக்குக் கண்ணாடி வாங்கித் தரவேண்டும் நீ. இருமல் போய்விட்டது. சாப்பாடு பரவாயில்லை, பசித்தால் எதுவும் இறங்கும். ஆடைத் தொழிற்சாலையில் என்னைத் தையல் சோதிக்கிற மேசைக்கு மாற்றிவிட்டார்கள். நாள் முழுக்க முகம் தெரியாதவர்களின் சட்டையைப் பிடித்து இழுப்பதுதான் வேலை. பிரியாவிட்டால் பெட்டிக்குள், பிரிந்தால் தைத்தவளுக்கு வசவு. "உன் கையில பட்டா எந்தத் தையலும் தப்பாதுடி" என்று மேற்பார்வை அம்மா சொல்கிறாள். பாராட்டா சாபமா தெரியவில்லை.

நண்டுக்கு உப்பைக் குறை. தலையணையை உயர்த்தி வை, மூச்சு சுலபமாக இருக்கும். ராத்திரியில் கண்டதையும் யோசிக்காதே. அப்பா ஆய்வுக்கூடத்தில் நாள் முழுக்க எலிகளோடு இருக்கிறவர், வீட்டிலும் அந்தப் பழக்கம் கொஞ்சம் வரும்.

ஒன்று மட்டும் சொல். கட்டிலில் நீ எந்தப் பக்கம் படுக்கிறாய்? நீயாகப் படுத்தாயா, அப்பா சொல்லிப் படுத்தாயா? சும்மாதான் கேட்கிறேன்.

நண்டுவின் இரண்டு கன்னத்திலும் என் முத்தம்.

அக்கா

*

ஜூலை 3

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை வாத்து தன் காலுறைக்குள் வைத்துக் கொண்டுவந்தாள். வாசனையைப் பற்றிச் சொல்லப்போவதில்லை. நீ சுகமாக இருக்கிறாய் என்று படித்ததும் பாதிப் பயம் போயிற்று.

நான் இடது பக்கம், நண்டு வலது பக்கம். அப்பா சொல்லித்தான். மாறிப் படுத்தால் எழுப்பி மாற்றிப் படுக்கவைக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை என்னை ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். முகமூடி, பச்சை அங்கி, தலைக்குத் துணித்தொப்பி. கண்ணாடியில் பார்த்து நானே சிரித்தேன். அப்பா எவ்வளவு மெதுவாக வேலை செய்கிறார் தெரியுமா அக்கா? கூண்டைத் திறக்கும் முன் மூடியில் நகத்தால் இரண்டு தட்டு தட்டுகிறார். "திடுக்குனு கை உள்ள வந்தா அதுங்க பயந்துடும். யார்னாலும் சொல்லிட்டுத்தான் உள்ள போகணும்" என்றார். எலியை மயக்கி, சூடான மெத்தைப் பலகையில் கிடத்தி, மூடாமல் கிடக்கிற கண் காய்ந்துபோகாமல் இருக்க மருந்து தடவுகிறார். தையலைத் தொடர்ச்சியாக ஓட்டுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி முடிச்சு. "ஒண்ணு அவுந்தாலும் மத்தது பிடிச்சுக்கும்."

அப்புறம் கடைசி அறையில் ஒரு கூண்டைக் காட்டினார். உள்ளே இரண்டு வெள்ளை எலிகள். ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன என்றுதான் நினைத்தேன். ஒன்று நகர்ந்தபோது மற்றதும் வந்தது. முழங்கை முதல் முழங்கால் வரைக்கும் பக்கவாட்டில் சேர்த்துத் தைத்திருக்கிறார்.

"அக்கா தங்கச்சி. ஒரே வயித்துல பிறந்தது" என்றார். தங்கச்சியின் ஒரு சிறுநீரகத்தையும் இன்னொன்றில் பெரும்பகுதியையும் அவரே எடுத்துவிட்டாராம். "வியாதியை முதல்ல நாமதான் உண்டாக்கணும். அப்பத்தான குணப்படுத்தக் கத்துக்க முடியும்?" தையல் ஆறினால் இரண்டுக்கும் நடுவே சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் தானாக முளைத்து, அக்காவின் சிறுநீரகம் இரண்டு பேருடைய ரத்தத்தையும் சுத்தம் செய்யுமாம். அதற்கு முன்னால் இரண்டையும் ஒரே கூண்டில் விட்டுப் பழக்க வேண்டுமாம். எடை ஒத்துப்போக வேண்டுமாம். இல்லாவிட்டால் பெரியது சின்னதை இழுத்துக்கொண்டே போய்த் தையலைப் பிரித்துவிடும்.

"நல்லா இருக்கற எலிக்கு இதுல என்னப்பா லாபம்?" என்றேன்.

"தங்கச்சி சாகலையே. அது லாபமில்லையா?" என்றார்.

எதையாவது பேசவேண்டுமே என்று, "முன்னாடி அம்மாவுக்குக் குடல்வால் ஆபரேஷன்னப்ப முந்தின ராத்திரி பட்டினி போட்டாங்களே, இதுங்களுக்கும் பட்டினியா?" என்று கேட்டேன். "எலிக்கு வாந்தி வராதும்மா. அது வயிறு அப்படி. பட்டினி மனுஷங்களுக்கு மட்டும்தான்" என்றார். நல்ல கேள்வி கேட்டேன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

நண்டு உனக்கு முத்தத்தைத் திருப்பி அனுப்புகிறாள், வட்டியோடு.

வாலு

*

ஜூலை 21

அன்புள்ள அக்கா,

ஏன் பதில் இல்லை? தினமும் வாத்துவைப் பார்த்ததும் அவள் காலைத்தான் பார்க்கிறேன். "முகத்தையும் கொஞ்சம் பாருடி" என்கிறாள். உனக்கு உடம்பு சரியில்லையா? ஒரு வரி போடு, போதும்.

அப்பா புதிதாக ஒரு விளையாட்டுச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். என் வலது காலையும் நண்டுவின் இடது காலையும் மெத்தென்ற துணியால் சேர்த்துக் கட்டிவிடுவார். வீட்டைச் சுற்றி விழாமல் நடக்கவேண்டும். முதலில் விழுந்து விழுந்து சிரித்தோம். நண்டு, "நாம மூணு கால் பூச்சி" என்றாள். இப்போது விழுவதே இல்லை. நான் அடியெடுத்து வைக்க நினைக்கும்போதே அவள் கால் வந்துவிடுகிறது. நேற்று கட்டை அவிழ்த்த பிறகும் அப்படியே நடந்தோம். அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா போன பிறகு அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

அறைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார். துருப்பிடித்துவிட்டதாம். துரு எதுவும் இல்லை அக்கா.

ஒன்று கேட்பேன், கோபப்படாதே. அம்மாவின் கடைசி மாதத்தில் எங்களை அத்தை வீட்டுக்கு அனுப்பினார்களே, நாங்கள் திரும்பி வந்தபோது நீ ஏன் படுத்த படுக்கையாக இருந்தாய்? காய்ச்சல் என்றீர்கள். காய்ச்சல்காரிக்கு விலாவில் எதற்குக் கட்டு? வெந்நீர் கொட்டிவிட்டது என்று பிறகு சொன்னாய். எழுந்து நடக்க ஆரம்பித்ததும் வீட்டைவிட்டே போய்விட்டாய்.

எல்லாம் என் கற்பனை என்று எழுது. உடனே நம்பிவிடுகிறேன்.

வாலு

*

ஆகஸ்ட் 2

வாலு,

நலமாக இருக்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுதி எழுதிக் கிழித்ததில் நாள் போய்விட்டது.

நான் சொல்வதை மட்டும் செய். எடை ஒத்துப்போகாத ஜோடியை அவர் தொடமாட்டார். ஒரு முறை தொட்டுப் பட்டுவிட்டார். அதனால் எடையைக் கூட்டு. பள்ளிக்கூடத்தில் வாத்துவின் சாப்பாட்டைப் பிடுங்கித் தின்னு. போதாவிட்டால் எதையாவது உடுப்புக்குள் கட்டிக்கொண்டு தராசில் ஏறு. நாளைக் கடத்து. இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்கிற மெஷின் இருக்கிறது. நண்டுக்கு இடம் கிடைக்குமா என்று தினமும் வேலை முடிந்து போய் நிற்கிறேன்.

நீ கேட்டதற்கு என்னால் நேராகப் பதில் எழுத முடியவில்லை. அம்மாவின் கடைசி நாட்களில் நான் அவள் பக்கத்திலேயே இருந்தேன். எழுந்து தண்ணீர் குடிக்கக்கூடப் போகவில்லை. அவளுக்குக் கெட்ட கனவு வந்தால் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். அவள் போனபோது யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது. என் இடது பக்கம் குளிர்ந்தது.

இப்போதும் இடது பக்கம் திரும்பிப் படுக்கமாட்டேன். அங்கே யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருப்பது மாதிரி இருக்கும்.

நண்டுவிடம் எதுவும் சொல்லாதே, குழந்தை பயந்துவிடும்.

அக்கா

*

ஆகஸ்ட் 11

அன்புள்ள அக்கா,

நீ நன்றாகத் தூங்குகிறாயா என்று கேட்கலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு அதைக் கேட்கத் தோன்றவில்லை.

நீ சொன்னபடி செய்தேன். சைக்கிள் கடை வாசலில் கிடந்த பழைய இரும்பு வளையங்களைப் பொறுக்கி, ஒரு பையில் போட்டுப் பாவாடைக்குள் கட்டிக்கொண்டேன். ஒரு வாரம் அப்பா தராசைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். பிறகு என் தட்டில் இன்னும் குறைத்தார். பசித்தாலும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

நேற்றுக் காலை என் எடையும் நண்டுவின் எடையும் ஒரு நூல் பிசகாமல் ஒன்றாக இருந்தன.

அப்பா தராசைத் தட்டிப் பார்த்தார். மறுபடி ஏறச் சொன்னார். மறுபடி அதே எடை. நண்டுவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். அவள் கலகலவென்று சிரித்தாள். சிரிப்போடு வேறொரு சத்தமும் கேட்டது, கூழாங்கல் கூழாங்கல்லில் மோதுகிற சத்தம். அப்பாவுக்குக் கேட்டிருக்காது, எனக்குக் கேட்டது.

தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். கவுனுக்குள் இரண்டு பக்கமும் கல். "நீ பை கட்டறதை நான் பார்த்தேனே" என்றாள். "நீ மட்டும் குண்டாயிட்டா அப்பா மூஞ்சி வாடிப்போகுது. நாம ஒண்ணா இருந்தாத்தான் அவர் சிரிக்கிறாரு. அதான் நானும் கட்டிக்கிட்டேன். நல்ல ஐடியா இல்ல?"

கட்டிப்பிடித்துக்கொண்டேன். மூச்சு வாங்கியது அவளுக்கு. நாலு படி ஏறினாலே இப்போது மூச்சு வாங்குகிறது. எனக்கு அப்பாமேல் பயம். அவள் செத்துப்போய்விடுவாள் என்றும் பயம். எந்தப் பயம் பெரியது என்று ராத்திரியில் எடை போட்டுக்கொண்டே கிடக்கிறேன்.

வாத்துவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அவளுடைய அம்மாவிடம் சொல்லிவிட்டாள். "அப்படி ஒரு அப்பா கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும். கதை கட்டுதா அந்தப் பொண்ணு?" என்று கேட்டாராம்.

சீக்கிரம் எழுது.

வாலு

*

ஆகஸ்ட் 16

அன்பு மூத்த மகளுக்கு அப்பா எழுதுவது.

நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். குழந்தைகளும் என் பார்வையில்தான் இருக்கிறார்கள். மழை நாட்களில் உன் இடது பக்கத் தழும்பு இழுக்கிறதா? வெந்நீர் ஒத்தடம் கொடு. சொறியாதே.

வாலுவின் தோழியுடைய அம்மா வந்திருந்தார். நல்ல பெண்மணி. உங்கள் கடிதங்களைப் பற்றிச் சொன்னார். வாலுவின்மேல் எனக்குக் கோபமில்லை. புதுக் கூண்டில் விட்ட உயிருக்கு வருகிற பயம்தான் அவளுக்கும். பழகினால் போய்விடும்.

உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். உன் அம்மா போனதற்கு நீ காரணமில்லை. உங்கள் இருவரின் எடையும் ஒத்துப்போகவில்லை, அவசரத்தில் அதை நான் பொருட்படுத்தவில்லை. தடித்த நூலைப் போட்டேன். தோளுக்கும் இடுப்புக்கும் தனியாகத் தாங்கல் கொடுக்கத் தோன்றவில்லை. அப்போது நான் கற்றது கொஞ்சம். இப்போது என் கூண்டுகளில் ஜோடிகள் மாதக்கணக்கில் இருக்கின்றன. ஒன்று தூங்கினால் மற்றதும் தூங்குகிறது. ஒன்று தின்றால் மற்றதும் தின்கிறது. பார்த்தால் உனக்கும் மனம் ஆறும்.

நீ கெஞ்சிக் கேட்டதால்தான் அன்று பிரித்தேன். இரண்டு நாள் பொறுத்திருந்தால் பிழைத்திருப்பாளோ என்று இன்றும் தோன்றுகிறது. அதை உன்மேல் குற்றமாகச் சொல்லவில்லை.

உனக்கு விருப்பமிருந்தால் வா. கூட ஒரு கை இருந்தால் எனக்கும் உதவி.

அன்புடன்,
அப்பா

*

ஆகஸ்ட் 20

வாலுக்குட்டி,

உடம்பைப் பற்றி விசாரிக்க நேரமில்லை. நேரில் வந்து பார்த்துக்கொள்கிறேன். நம் கடிதங்கள் தெரிந்துவிட்டதாக அப்பா எனக்கு எழுதிவிட்டார், ஆனாலும் உனக்குச் சொல்ல இதைவிட்டால் வழியில்லை. மெஷினுக்கு இடம் கிடைத்துவிட்டது. டாக்டரம்மா நண்டுவைக் கூட்டிவரச் சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை ரயிலில் வருகிறேன். கதவைத் தட்டமாட்டேன். உங்கள் அறை ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்குவேன். நண்டுவின் செருப்பையும் ஒரு போர்வையையும் எடுத்து வை. வேறு எதுவும் வேண்டாம்.

அம்மா கடைசியாக என் காதில் சொன்னதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. "என்னை விட்டுடச் சொல்லு. நீ போ" என்றாள். கெஞ்சியது அவள். நான் வாயால் சொன்னேன், அவ்வளவுதான். அதனால் நண்டுவைக் காப்பாற்ற வேறு வழியே இல்லை என்று யார் சொன்னாலும் நம்பாதே. வழியோடு வருகிறேன்.

அக்கா

*

வியாழக்கிழமை இரவு

அக்கா,

இந்தக் கடிதத்தை அனுப்ப வழியில்லை. நாளைக்கு உன் கையிலேயே கொடுக்கிறேன். நீ நல்லபடியாக ரயில் ஏறியிருப்பாய். உட்கார இடம் கிடைத்ததா?

உன் கடிதம் மத்தியானம்தான் வந்தது. வாத்து கொண்டுவரவில்லை. அப்பா கொண்டுவந்தார். "உனக்கு லெட்டர் வந்திருக்கும்மா" என்று சிரித்துக்கொண்டே நீட்டினார். உறையைப் பிரித்திருந்தார்கள். பிரித்த இடத்தை மெல்லிய கறுப்பு நூலால் மறுபடி தைத்திருந்தார்கள். ஒவ்வொரு தையலும் தனித்தனி முடிச்சு. பல்லால் கடித்துத்தான் திறக்க முடிந்தது.

அப்படியென்றால் நீ வெள்ளிக்கிழமை வருவது அவருக்குத் தெரியும்.

சாயங்காலம் எங்கள் இருவருக்கும் காவி நிறத்தில் ஒரு மருந்து சோப்புக் கொடுத்துக் குளித்துவிட்டு வரச் சொன்னார். கையெல்லாம் ஆய்வுக்கூட வாசனை. படுக்கைக்குப் புது விரிப்பு. ராத்திரி நண்டு தட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். அப்பா தட்டை மெதுவாக வாங்கிக் கவிழ்த்து வைத்தார்.

"இன்னைக்கு ரெண்டு பேருக்கும் சாப்பாடு வேண்டாம்மா. தண்ணியும் வேண்டாம். வயிறு காலியா இருக்கட்டும்."

"பசிக்குதுப்பா" என்றாள் நண்டு.

"நாளைக்கு நிறையச் சாப்பிடலாம்" என்றார். என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்தது என்று அவருக்கும் புரிந்தது. தலையைத் தடவிக்கொடுத்தார்.

எலிக்கு வாந்தி வராது அக்கா. பட்டினி மனுஷங்களுக்கு மட்டும்தான்.

துணிப்பெட்டியைத் தள்ளிக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன். நான் ஓடிவிடலாம். நண்டுவால் ஓட முடியாது. அவள் பாதம் செருப்புக்குள் நுழையவே இல்லை, வாரை அறுத்துப் பார்த்தும் நுழையவில்லை. தூக்கிக்கொண்டு ஓடலாம் என்று எழுப்பாமல் தூக்கிப் பார்த்தேன். என் எடைதான் அவளும். கதவு வரைக்கும்கூடப் போக முடியவில்லை. அவளை விட்டுவிட்டுப் போகமாட்டேன். அப்பா இதையும் யோசித்துத்தான் வைத்திருப்பார்.

வெளியே நடமாட்டம் கேட்கிறது. சமையலறையில் தண்ணீர் கொதிக்கிறது. உலோகத்தை உலோகத்தின்மேல் ஒவ்வொன்றாக அடுக்குகிற சத்தம். நீ ரயிலில் எங்கே வந்துகொண்டிருக்கிறாயோ. கம்பி அசைகிறதா என்று ஜன்னலையே பார்த்துக்கொண்டு எழுதுகிறேன். ஒரு தடவை அசைந்த மாதிரி இருந்தது. காற்றுதான்.

சத்தம் நின்றுவிட்டது.

அக்கா, கதவில் தட்டுகிறார்கள். ஜன்னலில் இல்லை. கதவில். நகத்தால், இரண்டு தட்டு.

நண்டு விழித்துவிட்டாள். தூக்கக் கலக்கத்திலேயே என் வலது கையைப் பிடித்து அவள் பக்கம் இழுத்துக்கொள்கிறாள். "ஏன் நடுங்கற? நாம பயப்படக் கூடாதுன்னுதான அப்பா தட்டறாரு" என்கிறாள். பெட்டி நகர்கிறது அக்கா, மெதுவாக, துளிச் சத்தம் இல்லாமல், நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு